டீச்சர் காரின் மஞ்சள் விளக்கு

அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பை நானும் என் சகலையும் சேர்ந்துதான் நடத்தினோம். அக்காவைக் கட்டியவன் நான், தங்கையைக் கட்டியவன் அவன். பன்னிரண்டு வருடம் ஒரே ஷெட், ஒரே அடுக்கு கேரியரில் சாப்பாடு.

இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிகிறதென்று, எங்களிடம் வழக்கமாக வரும் ஒரு டீச்சரின் கார் வந்தது. ஸ்கேனரை மாட்டினேன். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பிழைக் குறியீடு காட்டியது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து அனுப்பினேன். நாலாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. பெட்ரோல் பம்பை மாற்றும்படி சகலையிடம் சொன்னேன்.

அவன் ஸ்கேனரைப் பார்த்தான். கைக்கண்ணாடியை எடுத்து இன்ஜினுக்குள் குனிந்து நிமிர்ந்தான்.

"அண்ணே, வண்டி நின்னு ஐடில்ல ஓடும்போதுதான் கலவை நம்பர் எகிறுது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இறங்கிடுது. பம்பு போயிருந்தா மிதிக்கும்போதுல்ல திணறணும்? காத்து எங்கயோ திருட்டுத்தனமா உள்ள போகுது. ரப்பர் ஹோஸை எல்லாம் ஒரு தடவை நீங்களே பாருங்களேன்."

"எனக்கே பாடம் எடுக்காத. சொன்னதைச் செய்."

செய்தான். ஒரு வாரத்தில் டீச்சர் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். ஷெட்டில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"என் மேல தப்பில்ல டீச்சர். பம்பை மாட்டினது இவன். அரைகுறையா மாட்டித் தொலைச்சிருக்கான்."

சகலை என்னைப் பார்த்தான். கையைத் துடைத்தான், சட்டையை மாற்றினான், போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

டீச்சர் விட்டுப்போன அந்தக் கார் வேலையில் வீம்புக்கு நானே இறங்கினேன். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு ஹோஸ் மேலும் கிளீனரைப் பீய்ச்சினேன்; ஓட்டை இருந்தால் அதை உறிஞ்சி இன்ஜின் சத்தம் ஏறும். இன்ஜினுக்குப் பின்னால், அடியில் வளைந்து போகும் ரப்பர் குழாயில் பட்டதும் சத்தம் சட்டென்று ஏறியது. கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். குழாய் வெடித்திருந்தது. மேலே கறுப்பு டேப். நான் சுற்றியதுதான். இரண்டு மாதம் முன்னால் இதே காருக்கு இன்ஜின் கேஸ்கெட் மாற்றும்போது என் கை பட்டு விரிசல் விட்டது. புதுசு வரும்வரை இருக்கட்டும் என்று சுற்றிவிட்டு, அடியோடு மறந்துபோயிருந்தேன்.

புதுக் குழாய் மாட்டினேன். விளக்கு அணைந்தது. வண்டியை எடுக்க வந்த டீச்சர், "பாத்தீங்களா, அவர் போனதும் சரியாயிடுச்சு," என்றார். நான் சாவியைக் கொடுத்தேன்.

சகலை ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே போய் டேப் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்ணே. பம்பை மாத்தச் சொன்ன அன்னிக்கே அந்த டேப்பைப் பாத்தேன். உங்களுக்கே ஞாபகம் வரட்டும்னுதான் ஹோஸைப் பாருங்கன்னு சொன்னேன்."

"டீச்சர் சத்தம் போட்டப்பவாவது போட்டு உடைச்சிருக்கலாமே!"

"அத்தனை பேர் முன்னாடியா?"

"திரும்பி வந்துடு தம்பி."

"யார் தப்புன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவங்கதான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்களே," என்றேன்.

"சரிண்ணே, வேலை கிடக்கு," என்று லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அக்காளும் தங்கையும் இப்போது நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனில் பேசிக்கொள்கிறார்கள்.