கடைசியாக அணையும் விளக்கு

கூட்ட அறையின் ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, ஓரங்களில் வெளிச்சம் கசிந்த இடங்களில் பழுப்பு டேப் ஒட்டி, பட்டப்பகலில் ஓர் இருட்டை உண்டாக்கி வைத்திருந்தார்கள். மேஜை மேல் நான்கு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாலும் வெயிலில் சார்ஜ் ஆகிற எல்.இ.டி. விளக்குகள், நாலு பட்டறைகளிலிருந்து வந்தவை. கரண்ட் இல்லாத வீடுகளுக்குக் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. எது கடைசி வரை அணையாமல் எரிகிறதோ அதற்குத்தான் ஆர்டர். கமிட்டி என்று ஒன்று போட்டு, படித்த மூளைகளையெல்லாம் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்து, கண்டுபிடித்த பரீட்சை இது. பந்தியில் கடைசியாக எழுந்திருக்கிறவன்தான் நல்ல ஆரோக்கியசாலி என்று சொல்வதுபோல இருந்தது கட்டாஃபுக்கு.

கட்டாஃப் என்பது பட்டறைப் பெண்கள் அவருக்கு வைத்த பேர். பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சவிட்டால் அது கெட்டுப்போகும். அதனால் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே விளக்கைப் பட்டென்று அணைத்துவிடுகிற ஒரு பகுதியை அவர் தன் சர்க்யூட்டில் வைத்திருந்தார். அதற்குத்தான் கட்-ஆஃப் என்று பேர். யார் பேசினாலும் பாதியில் வெட்டுவது அவருக்கும் வழக்கம் என்பதால் பேர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் பேச ஆரம்பித்ததுமே வெட்டப்பட வேண்டியவர்கள் என்பது அவருடைய கட்சி.

பட்டறை மைத்துனனுடையது. அவனுக்கு சால்டரிங் இரும்பில் எந்த முனை சுடும் என்பதுகூடத் தெரியாது, ஆனால் விசிட்டிங் கார்டில் 'இருளின் எதிரி' என்று போட்டுக்கொள்ளத் தெரியும். விலையைக் குறைக்க வேண்டும் என்று அவன் கேட்டபோதெல்லாம் கட்டாஃப் இறங்கி வந்திருக்கிறார். பிளாஸ்டிக் கைப்பிடி போய்க் கம்பி வளையம் வந்தது. திருகாணிகள் போய் அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் மூடி வந்தது. சோலார் தகடு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. கட்-ஆஃபுக்கு வந்தபோதுதான் அவர் காலை ஊன்றிக்கொண்டார்.

"வெளக்கு பாதியில அணையுதுன்னு ஜனங்க திட்டுவாங்க அத்தான்."

"திட்டட்டும். மறுநாள் வெயில்ல வெச்சா எரியுமில்ல."

"ஒரு ஆறு மாசம் ஓடினா போதும் அத்தான். அதுக்கப்புறம் யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேன்டா."

இந்தப் பரீட்சையைப் பற்றித் தகவல் வந்ததும் மைத்துனன் காலில் விழாத குறை. கட்-ஆஃப் இருக்கிற விளக்குதான் முதலில் அணையும் என்பது அவனுக்கே விளங்கியிருந்தது. அணையட்டும் என்றார் கட்டாஃப். அணைந்ததும் தான் எழுந்து பேசுவதாகச் சொன்னார். ஏன் அணைந்தது, மற்ற மூன்றும் எரிந்தே எப்படித் தற்கொலை செய்துகொள்கின்றன, இவர்கள் வைத்த பரீட்சை எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதையெல்லாம் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறார். பல நாளாக மனதுக்குள் அந்தப் பேச்சைத் தீட்டிவந்தார். உண்மையில் ஆர்டரைவிட அந்தப் பேச்சின் மேல்தான் அவருக்கு ஆசை அதிகம். அவர் மனைவி, பட்டறையில் சர்க்யூட் பலகைகளுக்கெல்லாம் ஈயம் உருக்கி சால்டர் வைப்பவள், தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள், "சரி, பேசுங்க" என்று மட்டும் சொன்னாள். காலையில் விளக்கைத் துடைத்து டப்பாவில் வைத்தவளும் அவள்தான்.

இப்போது மைத்துனன் இருட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கட்டாஃப் எதிரிகளை நிதானமாகப் பார்த்து ரசித்தார். ஒன்று பூ மாதிரி விரிகிற விளக்கு. செய்தவன் டிசைனர் படிப்புப் படித்தவனாம். இருட்டில் தட்டுத்தடுமாறிப் போகிறவனுக்குப் பூ ஒரு கேடு. இன்னொன்றில் ரேடியோ. மூன்றாவது எங்கேயோ மொத்தமாக வாங்கி மேலே புது ஸ்டிக்கர் ஒட்டிய விளக்கு, பழைய ஸ்டிக்கரின் ஓரம்கூடத் தெரிந்தது. சுற்றிலும் கமிட்டிக்காரர்கள் டீயும் பிஸ்கட்டுமாக ஏழைகளின் இருட்டைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், ஆனால் ஓநாய் இப்படி ஏ.சி. போட்டுக்கொண்டு அழுததில்லை.

ரேடியோ விளக்கு முதலில் மங்கியது. சரி, அற்பப் பேட்டரி. மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. தன் விளக்கு எந்த நேரத்தில் அணையும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த நேரம் வந்தபோது சட்டையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானார். விளக்கு அணையவில்லை. இந்த முறை நல்ல பேட்டரியாக அமைந்துவிட்டது என்று நினைத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பூ விளக்கும் மங்கிக் கூம்பிவிட்டது. அப்புறம்தான் அதைப் பார்த்தார். அவருடைய விளக்கும் மங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய விளக்கு மங்காது. எரிந்தால் முழுசாக எரியும், இல்லையென்றால் அணையும், இரண்டுக்கும் நடுவில் அதற்கு ஒரு பிழைப்பு கிடையாது. அப்படித்தான் அவர் அதை வளர்த்திருந்தார். இப்போது அது மற்ற மூன்றையும்போலவே பல்லைக் காட்டிக்கொண்டு உயிரை விட்டுக்கொண்டிருந்தது. யாரோ கட்-ஆஃப் வேலை செய்யாதபடி அதன் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டிருக்கிறார்கள். மைத்துனனுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது. பக்கத்து நாற்காலியில் மனைவி கைகளை மடியில் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீயா?" என்றார், உதடு அசையாமல்.

"சின்ன வயர் துண்டுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?" அவள் இன்னும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஆர்டரும் போச்சுன்னா பட்டறைய மூட வேண்டியதுதான். அப்புறம் உங்க கட்டாஃப எந்த வெளக்குல வெப்பீங்க?"

"இப்ப மட்டும் வெக்க முடியுமா? இவ்வளவு நேரம் எரியும்னு பாத்து வாங்கறவங்க, நாளைக்குப் பாதியில அணைஞ்சா ஒத்துப்பாங்களா?"

அவள் இதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எதிரில் வேறு யாராக இருந்திருந்தாலும் இந்த இடத்தில் அவர் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பார். அவளிடம் அப்படி நினைக்க முடியவில்லை. உலகத்தில் அவர் அலட்சியமாகப் பார்க்காத ஒரே வேலை அவளுடைய கைவேலை. ஒரு சொட்டு ஈயம் அதிகம் வைக்க மாட்டாள். அந்தக் கம்பியையும் அப்படித்தான் வைத்திருப்பாள், சுத்தமாக.

ஸ்டிக்கர் விளக்கு அணைந்தபோது அறையே கைதட்டியது. மைத்துனன் யார் யாரையோ கட்டிப்பிடித்தான். கமிட்டித் தலைவி, மணிக்கணக்காகச் சிரித்துச் சிரித்துக் களைத்த முகத்தோடு, கட்டாஃபிடம் வந்தார்.

"நீங்கதான் டிசைன் பண்ணதாமே? என்ன சார் ரகசியம்?"

பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் அவருக்கு இனி வாழ்நாளில் கிடைக்கப் போவதில்லை. தீட்டி வைத்த பேச்சு முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. மனைவி முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றார். "அணைய விடலை. அவ்வளவுதான்."

தலைவி கண்கள் பனிக்க மார்பில் கைவைத்துக்கொண்டார். "அடடா," என்றார் பின்னாலிருந்து ஒருவர். இன்னொருவர் அதைத் தன் போனில் குறித்துக்கொண்டார்.

"இதையே டப்பா மேல போட்டுரலாம் அத்தான்!" என்றான் மைத்துனன்.

ஊரையே முட்டாள் என்று வைதுகொண்டிருந்த வாய் அவர்களுக்கு ஒரு பொன்மொழி கொடுத்துவிட்டு மூடிக்கொண்டது. இந்த அறையில் இருக்கிற அத்தனை பேரிலும் மட்டமானவன் யார் என்பதில் கட்டாஃபுக்கு இப்போது சந்தேகம் இல்லை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். இப்போது அணைத்துவிட்டால்கூடப் பேட்டரியைக் கொஞ்சமாவது காப்பாற்றலாம். சுவிட்சில் விரலை வைத்தார்.

"ஐயோ, அணைச்சிடாதீங்க சார்!" தலைவி ஓடி வந்தார். "டைரக்டர் சாயந்தரம்தான் வருவார். அவரும் வந்து பாக்கட்டும், எரியட்டும்."

கட்டாஃப் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து வந்து மேஜையின் மறுபக்கம் நின்றுகொண்டாள். எல்லோரும் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு பளிச்சுக்கும் விளக்கின் வெளிச்சம் காணாமல் போய், கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் குறைவாக. கடைசிப் படம் எடுத்தவர் டீ குடிக்க வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவளுடைய முகம் தெரியவில்லை, விளக்கின் விளிம்பில் வைத்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன, சால்டர் புகை படிந்து நகங்கள் வரைக்கும் பழுப்பாக. அவர் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை.