நுவரெலியாப் பாத்தி

வடிவுக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது என்று அவள் புருஷன் கங்காதரன் சொல்வான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்; இதைத் தள்ள முடியாது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தேயிலை விலை விழுந்து, இலங்கைத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்த வருஷம். நுவரெலியா மலையிலிருந்து இறங்கி, கப்பலேறி, கங்காதரன் தன் சொந்த ஊரான வெள்ளானூருக்குத் திரும்பினான். அவனுக்குத்தான் அது சொந்த ஊர். வடிவு மலையிலேயே பிறந்தவள். துரை பங்களாத் தோட்டத்தில் பீட்ரூட்டும், கோவா என்று அவர்கள் சொல்லும் முட்டைக்கோசும் போட்டு வளர்ந்தவள். கடலையே அந்தப் பயணத்தில்தான் பார்த்தாள். கையில் சின்னப் பெண், முந்தானை முடிச்சில் விதை. மூத்த பெண்ணை மழை மாதத்துக் குளிர் கொண்டுபோய்விட்டது. நெஞ்சில் சளி கட்டியது, பிழைக்கவில்லை. இன்னொன்றையும் அந்தக் குளிருக்குக் கொடுப்பதாக இல்லை, செத்தாலும் இனி அங்கே திரும்புவதில்லை என்று கப்பலிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

மூத்தார், கங்காதரனின் அண்ணன் ஜம்புலிங்கம், நல்ல மனுஷன். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் காட்டி, "இன்னா வேணுமோ போட்டுக்கோங்க" என்றார். அது பங்குனி மாதம். மலையில் விதை போடுகிற மாதம் அதுதான். வடிவு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேட்டுப்பாத்தி போட்டாள். வெயில் விழவில்லை என்று நிழல் தந்த அகத்தி மரத்தையும் வெட்டிச் சாய்த்தாள். வெள்ளானூரில், பங்குனி வெயிலில், நிழலை வெட்டினாள்! மலையில் வெயில் என்பது எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. அதை விழுந்து விழுந்து உபசரித்துப் பழகியவள் வேறென்ன செய்வாள்?

ஓரகத்தி எல்லம்மா சும்மா இருப்பாளா? வேலியோரம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாடி வடிவு இது, வரிசையா பொணத்த பொதைச்ச மாரி கீது?"

ஊரே சிரித்தது. வடிவுக்கு மட்டும், மலையில் விட்டு வந்த சின்ன மண்மேடு கண்ணில் வந்து நின்றது. "முளைக்கும் பாருங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

முளைத்ததுதான். சித்திரை பிறந்ததும் கருகியும் போயிற்று. குடம் குடமாக ஊற்றினாள். மேட்டில் ஊற்றிய தண்ணீர் வேரை நனைக்காமல் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. அந்த நேரம் பார்த்துத் திருமழிசையிலிருந்து கங்காணி கோதண்டம் வந்து சேர்ந்தார். தோட்டங்களில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். தை மாதம் ஒரு கூட்டத்தை அனுப்பப் போகிறாராம். கங்காதரன் தானும் வருவதாக அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"போயிடலாம் வடிவு" என்றான் கங்காதரன். "அண்ணன் ஊட்ல எத்தினி நாளு துன்னுகினு கெடக்கறது? எனக்கே கூசுது."

அவன் சொன்னதும் நியாயம்தான். வடிவு சின்னப் பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தை வரைக்கும் பொறுங்க. இந்த மண்ணு நமக்குச் சோறு போடலேன்னா நானே மூட்டையக் கட்டுறேன்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்."

மறுநாள் காலையில் செத்த செடிகளைப் பிடுங்கும்போது பார்த்தாள். பாத்திகளுக்கு நடுவே, கால் வைத்து நடக்கிற பள்ளத்தில், தவறி விழுந்த பீட்ரூட் விதை ஒன்று தளதளவென்று நிற்கிறது! வடிவு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மலையில் வேர் அழுகும் என்று பயந்து மண்ணை உயர்த்துவார்கள். இங்கே அழுகுவதற்கு ஈரம் எங்கே இருக்கிறது?

"அட மக்கு வடிவு!" என்று தலையில் அடித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். மேட்டையெல்லாம் உடைத்துத் தள்ளினாள். தரைக்குக் கீழே குழிப்பாத்தி வெட்டினாள். பனையோலையில் பந்தல் போட்டாள். கோவா விதையைச் சட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு, எல்லம்மாவிடமே போய்க் கத்திரி விதையும் தண்டுக்கீரை விதையும் கேட்டாள்.

"நேத்து மேடு, இன்னிக்குப் பள்ளமா? உனக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிகிச்சி?" என்றாள் எல்லம்மா. ஆனால் விதையைக் கொடுத்தாள்.

ஆடியில் கீரை, ஆவணியில் கத்திரி. பூந்தமல்லிச் சந்தையில் ஷேக் தாவூத் கடைக்குக் கூடை போகத் தொடங்கியது. கங்காதரன்தான் தூக்கிக்கொண்டு போவான். ஆனால் கோதண்டத்திடம் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவில்லை. அதுதான் வடிவை அரித்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, நிற்கிற வழியாக இல்லை. குழிப்பாத்தியெல்லாம் குட்டையாகி, கத்திரிச் செடிகள் தண்ணீரில் மிதந்தன.

"அவ்ளோதான், உன் தோட்டம் பூட்ச்சி" என்று கங்காதரன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

வடிவோ கோணிப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். "என்னாங்க நின்னு பார்க்குறீங்க? மழையா என்னை மெரட்டும்? மழையிலதானே பொறந்தேன்! மண்ண வாரி மேடு போடுங்க!"

சேறு சொட்டச் சொட்ட இரண்டு பேரும் மேடு கட்டினார்கள். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். சட்டியில் மூடி வைத்த கோவா விதையை எடுத்து வடிவு அந்த மேட்டில் போட்டாள். ஊரில் கீரையெல்லாம் அழுகிக் கிடந்தபோது வடிவின் மேட்டில் கோவா நாற்று நிமிர்ந்து நின்றது. மார்கழிப் பனியில் மலைக் கோவா போலப் பெரிதாகவில்லை என்றாலும், கையளவுக்காவது உருண்டது. எல்லம்மா ஒன்றை வாங்கிப்போய், உள்ளே காய் இருக்கும் என்று இதழ் இதழாக உரித்து எறிந்து, கடைசியில் வெறும் தண்டோடு வந்து சண்டை பிடித்தாள்.

தை பிறந்தது. சொன்னபடி கோதண்டம் வந்தார்.

"கங்காதரா, நாளைக்கி ரயிலு. மூட்டைய கட்டு."

கங்காதரன் பாத்தியில் குனிந்து நின்றான். மாடு கட்டி இறைக்கும் மூத்தாரின் கவலைக் கிணற்றுத் தண்ணீருக்கு அன்று இவர்கள் முறை. வடிவு குழந்தையை இறுகக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தால் கெஞ்சிவிடுவோம் என்று பயமாக இருந்தது. சோறு போட்டதா இல்லையா என்று இப்போது சொல்ல வேண்டியவன் அவன்.

அவன் நிமிரவே இல்லை. "தப்பா நெனைக்காதே அண்ணாத்தே. தண்ணி கட்டிகினு கீறேன்."

"கட்டி முடிச்சிட்டு வாயேன். நிக்கிறேன்."

"எங்க முடியறது? மாசி வந்தா இந்த மேட்டையெல்லாம் ஒடைச்சி வெயிலுக்குப் பள்ளம் எடுக்கணும். இவ உடமாட்டா. பந்தலுக்கு ஓலை வேற சொல்லி வச்சிகீறேன்."

வடிவுக்குக் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. அதை அவன் பார்த்துவிடப் போகிறானே என்று ஒரு அதட்டுப் போட்டாள்.

"பேசினது போதும்! அங்க வாய்க்கா ஒடைச்சிக்கிட்டு ஓடுது பாருங்க!"

கங்காதரன் மண்வெட்டியோடு ஓடினான்.