பாட்டு வயர்

பள்ளிச் சீருடை தைக்கிறவளுக்கு ஆப் செய்ய என்ன தெரியும் என்று தெருவே கேட்டது. அவளுக்கும் தெரியாதுதான். அண்ணன் தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினாள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அண்ணனை உட்காரவைத்து, தினமும் தேவைப்படும் நாற்பது வாக்கியங்களை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிந்துகொண்டாள். பட்டனைத் தொட்டால் அந்த வாக்கியம் அவர் குரலிலேயே கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆப். அதைச் செய்து முடிக்க நான்கு மாதம் ஆனது.

இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், வாயைத் திறந்தாலே கிண்டல்தான். இப்போது சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். அண்ணி கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் கிண்டல் ஆறிப்போய்விடும்.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டை வைத்து, தான் செய்த ஆப்பை அதில் ஏற்ற வழி திறப்பதற்காக, செட்டிங்ஸில் கடைசி வரியை ஏழு தடவை தட்டினாள். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று எழுத்து வந்தது. சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணி, இங்க பாருங்களேன். என்னையா சொல்லுது?"

"வேற யாரு தட்டினா? உன்னைத்தான்."

பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வயரைச் சொருகியதும் டேப்லெட்டில் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டரோ எதுவுமே வரவில்லை என்று சாதித்தது. கழற்றினாள், சொருகினாள், அணைத்துப் போட்டாள். அண்ணன் குரல் இந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடுமோ என்று மறுபடி சொருகிப் பார்த்தாள்.

அண்ணன் சிலேட்டை நீட்டினார். 'வயரை மாத்து. இது பாடாது.'

எழுந்து போய், டியூட்டிப் பையிலிருந்து சிவப்பு டேப் சுற்றிய வயரை எடுத்து வந்தார். பஸ்ஸில் சில வயர் போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும், ஸ்பீக்கருக்குப் பாட்டுப் போகாது. பாட்டுப் போகிற வயருக்கு அவர் வைத்த அடையாளம் அது. சொருகியதும் டேப்லெட், 'இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா?' என்று கேட்டது. அண்ணனே விரலை வைத்தார்.

ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அந்த ஒல்லி வயருக்குள் அண்ணன் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. ஆப்புக்கு அடையாளமாக அவள் வரைந்த ஸ்டீயரிங் படம் டேப்லெட் திரையில் வந்து உட்கார்ந்தது.

அண்ணன் முதல் பட்டனைத் தொட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடு."

அதே கரகரப்பு, அதே அதட்டல். அண்ணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சற்று இடைவெளி விட்டு அதே குரல் தொடர்ந்தது.

"போதுமா பாப்பா? எத்தனை தடவைடி சொல்றது? போய் டீ போடு."

வாக்கியம் முடிந்த பிறகும் ஓடிய பதிவை வெட்ட மறந்திருந்தாள். தைத்த சட்டையில் ஒரு நூலைக்கூடத் தொங்க விடாதவள்!

"ஐயோ அண்ணா, குடுங்க. அஞ்சே நிமிஷம், வெட்டிடறேன்."

அண்ணன் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி அதே பட்டனைத் தொட்டார்.

நாற்பத்தொரு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான். நாற்பது வாக்கியங்களையும் யோசித்து யோசித்து எழுதியவளுக்கு, அந்தப் 'பாப்பா'வைச் சேர்க்க மட்டும் தோன்றவே இல்லை.

"போதுமா பாப்பா?" என்றது அண்ணன் குரல், மூன்றாவது முறையாக.

"போதும்ணா," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள்.