மச்சான் எடுத்த தாழ்ந்த வளையம்

எங்கள் ஹெரேரோ ஊரான ஒகக்கராராவில் மாடு வைத்திருப்பவர்களுக்கு அழகுணர்ச்சி கொஞ்சம் அதிகம். கொம்பு வளைவு சரியில்லை என்று நல்ல காளையை விற்றவர்கள் இங்கே உண்டு. என் அக்கா கணவர் கவேசேரி அவர்களில் முதல் வரிசை. அவருடைய அழகுணர்ச்சியால் போன வாரம் நான் செத்திருப்பேன்.

மச்சானிடம் பழைய மௌசர் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதைத் துடைக்கிற துணியை அக்கா தொட்டால்கூடக் கத்துவார். ஐம்பதைத் தாண்டியதும் குழல் நுனியிலிருக்கும் குறிமுள் அவர் கண்ணுக்கு மங்க ஆரம்பித்தது. அதே நேரம் பார்த்து ஒரு சிறுத்தை கன்றுகளைத் தூக்க ஆரம்பித்தது. தொலைநோக்கி மாட்டலாம் என்று ஒச்சிவரோங்கோ டவுனில் ஓட்மாரின் துப்பாக்கிக் கடைக்குப் போனோம்.

தொலைநோக்கியைத் துப்பாக்கியின் முதுகில் பிடித்துவைப்பவை இரண்டு இரும்பு வளையங்கள். ஓட்மார் மூன்று ஜோடிகளை மேசையில் வைத்தார். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, மூன்றாவது, பக்கத்திலிருக்கும் நெம்புகோலைத் தட்டினால் தொலைநோக்கியோடு கழன்று வந்துவிடும்.

"ஒசரமானத எடுங்க," என்றார் ஓட்மார். "இது பழைய மௌசர். விசையப் பூட்டுற சேஃப்டிக் காது பின்னால இருக்கு பாருங்க. அது மேல நிமிந்துதான் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போகும். வளையம் தாழ்வா இருந்தா தொலைநோக்கில இடிச்சு அப்படியே நின்னுடும்."

மச்சான் உயரமான வளையத்தை வைத்துப் பார்த்தார். "ஆட்டு முதுகுல கொக்கு உக்காந்தாப்ல இருக்கு."

"அப்ப கழட்டுற ஜோடி?" என்றார் ஓட்மார்.

"நெம்பு துருத்திக்கிட்டு நிக்குதே. ஊர்ல சிரிப்பானுங்க."

"சேஃப்டி வேணாமா உங்களுக்கு?"

"எதுக்குங்க? நாங்க தோட்டாவ ஏத்திக்கிட்டு நடக்கறதே கிடையாது. மிருகம் கண்ணுல பட்டப்புறம்தான் போல்ட்டத் தள்ளி ஏத்துவோம்."

அது உண்மைதான். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். தாழ்ந்த வளையத்தை மாட்டி, ஆடவே கூடாது என்று திருகாணிகளுக்குப் பசையும் போட்டு வாங்கிவந்தார். துப்பாக்கி மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சான் சிறுத்தையைச் சுட்டார். அது சாகவில்லை. ரத்தம் சிந்திக்கொண்டே முள்காட்டுக்குள் போய்விட்டது. அந்தக் காட்டை ஒட்டித்தான் பிள்ளைகள் கன்றுகளைத் தண்ணீருக்கு ஓட்டிப்போகிற பாதை. காயப்படுத்தியவன்தான் போய் முடிக்கவேண்டும், அதில் பேச்சே கிடையாது. விடிந்ததும் கிளம்பினோம்.

தடம் பார்க்கிறவன் குனிந்துகொண்டு முன்னால் போவான், துப்பாக்கிக்காரன் பின்னால் வருவான். மச்சானுக்குத் தடம் தெரியாது, கண் அப்படி. ஆகவே நான் முன்னால்.

முள்காட்டு வாசலில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அடிபட்ட சிறுத்தை கண்ணில் பட்டபிறகு காத்திருக்காது. போல்ட்டைத் தள்ளுவதற்குள் நம் மேல் இருக்கும். அப்படியானால் தோட்டாவை ஏற்றிக்கொண்டு நடக்கவேண்டும். ஏற்றினால் சேஃப்டி போடவேண்டும். சேஃப்டி நகராது. ஒரு முள் அவர் சட்டையை இழுத்தால் போதும், குண்டு என் முதுகில்.

"மச்சான், தோட்டா ஏத்தாதீங்க."

"அது பாஞ்சா?"

"பாஞ்சா ஏத்துங்க."

"சரிடா, சரிடா. கல்யாணப் பொண்ணு மாதிரி பயப்படாத."

உள்ளே நுழைந்தோம். ரத்தம் இலைகளில் கருத்துக் காய்ந்திருந்தது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. என் மூச்சு எனக்கே அநாகரிகமாகக் கேட்டது. ஒவ்வொரு புதருக்குள்ளும் ஏதோ ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதியாவது கற்பனை என்று சொல்லிக்கொண்டேன். மிச்சப் பாதியை நினைக்காமல் அடுத்த ரத்தத்துளியைத் தேடினேன்.

அப்போது பின்னால் அந்தச் சத்தம். போல்ட் முன்னால் போய் மடங்குகிற சத்தம்.

நான் அசையவில்லை. "எதப் பாத்தீங்க மச்சான்?"

மறுபடி கேட்டேன்.

"மச்சான். எதப் பாத்தீங்க?"

"எதையும் பாக்கல," என்றார் மெல்ல. "பயமா இருக்குடா."

என் முதுகுத்தண்டில் எந்த எலும்புக்கு எதிரே குழல் இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. முன்னால் சிறுத்தை, பின்னால் மச்சான். இரண்டில் சிறுத்தைக்காவது பதற்றம் கிடையாது.

"தோட்டாவ எறக்குங்க."

"மாட்டேன். எறக்கறப்ப அது வந்துச்சுன்னா?"

"அப்ப நீங்க முன்னால போங்க."

"எனக்குத் தடம் தெரியாதேடா!"

"நான் சொல்றேன். போங்க."

இப்படியொரு வேட்டையை ஹெரேரோ நாடு பார்த்திருக்காது. கண் தெரியாதவர் துப்பாக்கியோடு முன்னால். அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தபடி நான் பின்னால். வலது, கொஞ்சம் இடது, நில்லுங்க, குனியுங்க. அவர் வியர்வை புளித்த பால் போல நாறியது. என்னுடையதும் அப்படித்தான் நாறியிருக்கும்.

ஒரு கறையான் புற்றைத் தாண்டினோம். அதற்கு அப்புறம் புல், புல்லுக்குள் இரண்டு காதுகள். பின்னால் மடிந்து படுத்திருந்தன.

"நேரா," என்றேன். "மச்சான், நேரா."

அவர் துப்பாக்கியைத் தூக்கித் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். சுடவில்லை.

"சுடுங்க!"

"ஒண்ணுமே தெரியலடா. எல்லாம் மஞ்சளா இருக்கு!"

"அதான் சிறுத்தை!"

அது எழுந்ததும் துப்பாக்கி வெடித்ததும் ஒன்றாக நடந்தன. மச்சான் என் மேல் சாய்ந்தார், இரண்டு பேரும் விழுந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டு அதன் பாரத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திறந்தபோது அது எங்கள் காலடிக்குச் சற்று அப்பால் வாயைப் பிளந்து கிடந்தது. கழுத்தில் அடி. துப்பாக்கி உதைத்ததில் தொலைநோக்கி இடித்து மச்சானின் புருவம் பிளந்து ரத்தம் வழிந்தது.

அதற்குள் அவர் கை பழக்கத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டிருந்தது. இப்போது கட்டைவிரல் சேஃப்டிக் காதைத் தள்ளிக்கொண்டிருந்தது. அது தொலைநோக்கியில் இடித்து நின்றது. மறுபடி தள்ளினார். மறுபடி இடித்தது. ரத்தம் கண்ணுக்குள் போவதைக்கூடத் துடைக்கவில்லை.

குழல் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதை மெதுவாக வானத்துக்குத் திருப்பி, போல்ட்டை நானே இழுத்து, இருந்த தோட்டாக்களையெல்லாம் மண்ணில் கொட்டினேன்.

"துப்பாக்கிய நீயே தூக்கிட்டு வா," என்றார் மச்சான்.

திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார், நான் காலித் துப்பாக்கியோடு பின்னால். புதருக்குப் புதர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மச்சான், காலியாத்தான் இருக்கு."

"தெரியும்," என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி திரும்பிப் பார்த்தார்.