ஒரு கூடையும் போடாதவன்

அய்யாசாமிக்கு எண்ணத் தெரியும். ரங்கூன் துறைமுகத்தில் கப்பலுக்குப் போட்ட பலகையருகே நின்று, ஏறுகிற அரிசி மூட்டைகளை எண்ணுவதுதான் அவர் உத்தியோகம். பலகையைத் தாண்டிய மூட்டைக்கு ஒரு கோடு. கீழே குனிந்து மூட்டையைத் தூக்கி அடுத்தவன் முதுகில் ஏற்றிவிடுகிறவனுக்குக் கோடு கிடையாது. அப்படி ஒருவன் அங்கே நிற்பதை அவர் ஏறிட்டுப் பார்த்ததும் கிடையாது.

அந்தத் துறை இருந்த லான்மடாவ் பகுதியின் தமிழர் கூடைப்பந்துச் சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. பந்தாட்டத்துக்கும் அதே கோடு. கூடை போட்டவன் பெயருக்கு நேரே கோடு விழும். நல்லையா பெயருக்கு நேரே வெறும் தாள். ஆறடிக்கு மேலும் வளர்ந்து நிற்கிறவன் வருஷம் முழுக்க ஒரு கூடைகூடப் போடவில்லை என்றால் காரியதரிசிக்கு வயிறு எரியாதா?

சங்கத்துத் தலைவர் பர்கத்துல்லாவின் குடைக்கடையில் கூட்டம் கூடியது. நல்லையாவும் வாசற்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். அவனை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார் அய்யாசாமி.

“ஆளப் பாத்தா அழகு, வேலையப் பாத்தா எழவு! க்யிம்யிண்டைங் துறை அணிக்காரன் ஜாபரத் தர்றேங்கிறான். ஆட்டத்துக்குப் பத்துக் கூடை போடுற கை அது, பாய். பதிலுக்கு இந்த நெட்டக் கொக்கத் தள்ளிவிட்டா நம்மளப் புடிச்ச சனி விட்டுது.”

“ஜாபர் கெட்டிக்காரன்தான், இல்லேங்கல” என்றார் பர்கத்துல்லா. “ஆனா நம்ம பசங்க கைக்குப் பந்து எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா?”

“வானத்துலேருந்தா விழுது? குடை விக்கிறவர் நீங்க, வானத்தப் பாத்துக்குங்க. பந்த நான் பாத்துக்கிறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். பர்கத்துல்லா சிரிக்கவில்லை.

“இந்த வருஷப் போட்டிக் கோப்பை நமக்கு வரலேன்னா?”

“அன்னைக்கே சங்கத்துச் சாவிய உங்க கையில குடுத்துட்டுப் போறேன். போதுமா?”

வாய்க்கொழுப்பு இல்லாமல் வேறென்ன? துறைமுகத்தில் ‘ஏய்’ என்று துரைமார் கூப்பிடுகிற அந்த மனுஷனை, ‘காரியதரிசி ஐயா’ என்று நாலு பேர் கூப்பிடுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அதைத் தூக்கிப் பணயம் வைத்துவிட்டார்.

அந்தந்தத் துறையில் வேலை பார்ப்பவர்தான் அந்தந்த அணிக்கு ஆடலாம் என்பது விதி. ஆகவே இரண்டு துறை மேஸ்திரிகளும் பேசி ஆளை மாற்றிக்கொண்டார்கள். “சரிங்கய்யா” என்றதோடு நல்லையா மறுநாள் விடியற்காலை க்யிம்யிண்டைங் துறைக்கு மூட்டை தூக்க நடந்தான்.

கடைசி ஆட்டம் அந்த க்யிம்யிண்டைங்கோடுதான் வந்து வாய்த்தது. அந்தக் காலத்து ஆட்டத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்து நடுவட்டத்துக்கு வரும். நடுவர் அதை மேலே எறிவார். இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எம்பித் தட்ட வேண்டும். நடுவர் எறிந்தார். லான்மடாவ் அணியில் நல்லையாவின் பழைய இடத்தில் நின்ற தங்கவேலு உயிரைக் கொடுத்து எம்பினான். அவன் விரல் நல்லையாவின் முழங்கை வரை போனது. நல்லையா நிதானமாகத் தன் ஆள் பக்கம் தட்டிவிட்டான். கூடை! மறுபடியும் நடுவட்டம், மறுபடியும் நல்லையா, மறுபடியும் அவர்கள் கூடை.

அய்யாசாமி அண்ணாந்து பார்த்தார். பந்து வானத்திலிருந்துதான் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அங்கிருந்துதான் விழுந்திருக்கிறது. அவர் கண்ணில்தான் படவில்லை.

அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஜாபர், படகு வராத துறையில் காத்திருப்பவனைப் போலக் கூடைக்கடியில் நின்று, “பந்தக் குடுங்கப்பா!” என்று கத்தினான். மூன்று தடவை பந்து வந்தது. மூன்றையும் போட்டான். பாவம், அவன் கையில் குறையே இல்லை. கூடைக்கு இரண்டு புள்ளியாக, இருபத்தெட்டுக்கு ஆறு என்று ஆட்டம் முடிந்தது.

பர்கத்துல்லா உள்ளங்கையை நீட்டினார். அய்யாசாமி அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, கோப்பை வாங்கிய கூட்டத்தை விட்டுவிட்டு நல்லையா வியர்வையோடு வந்து குனிந்து நின்றான். முகத்தில் கேலி மருந்துக்கும் இல்லை.

“காரியதரிசி ஐயா, இன்னைக்கும் நான் ஒரு கூடைகூடப் போடலீங்க” என்றான்.

அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட கடைசி ஆள் அவன்தான்.