412ஆம் பக்கத்து மேப்பிள் பாகு

எண்பது வயது நிறையும் நாளன்று, மதியம் பன்னிரண்டு மணியோடு எழுத்தை விட்டுவிடுவதாக எல்பிரிட்ஜ் ஹாஸ்கெட் மனைவியிடம் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: அதற்குள் அவர் புத்தகம் ஒன்றையாவது யாராவது முழுதாகப் படித்தது தெரியவந்தால் பன்னிரண்டாம் தொகுதியை எழுதியாக வேண்டும்.

அமெரிக்கர்களின் அரசியல் சிந்தனை பற்றிப் பதினொரு தொகுதி எழுதி ஓய்ந்த கை. சக பேராசிரியர்கள் புத்தகத்தைப் பின்னாலிருந்துதான் திறப்பார்கள். பெயர் அட்டவணையில் தங்கள் பெயர் இருந்தால் புகழ்ந்து மதிப்புரை எழுதிவிட்டு மூடிவிடுவார்கள். எல்பிரிட்ஜும் பிறர் புத்தகங்களை அப்படித்தான் படித்தார். அதனால்தான் முப்பத்தோரு வருஷத்துக்கு முன் மூன்றாம் தொகுதியின் 412ஆம் பக்கத்து அடிக்குறிப்பில், இதைப் படித்தவர் வீட்டுக்கு வந்தால் மேப்பிள் மரச்சாற்றில் காய்ச்சிய பாகு ஒரு டின் தரப்படும் என்று சேர்த்தார். பதினேழு மதிப்புரை வந்தது. இரண்டு பரிசு வந்தது. டின் நிலவறையிலேயே இருந்தது.

அந்த நாளும் வந்தது. வெர்மான்ட்டில் அவ்வருஷம் சுமாரான பனிதான். தேவாலயக் கோபுர உச்சியில் காற்றுத் திசை காட்டும் உலோகச் சேவலுக்கு யாரோ பனிமேல் நடந்தே போய்க் கம்பளித் தொப்பி மாட்டியிருந்தார்கள்.

"இன்னும் எட்டு நிமிஷம்," என்றாள் மனைவி தியோடோரா. "உன் குறிப்பெல்லாம் அடுப்புல நல்லா எரியும்."

"எரியட்டும் தியோ. எனக்குத் தூங்கணும்."

கதவு தட்டப்பட்டது. பனி தள்ளும் வண்டி ஓட்டும் கிளெம்.

"என்னப்பா, வண்டி மாட்டிக்கிச்சா?"

"இல்ல புரொபசர். பாகு வாங்க வந்தேன்."

எல்பிரிட்ஜ் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிஷம் பாக்கி.

"போன வருஷம் பாலத்துல ஒம்பது நாள் பனிக்குள்ள கெடந்தேன். வண்டி ஜாக்கிக்கு முட்டுக் குடுக்க வச்சிருந்த உங்க மூணாம் தொகுதிதான் தொணை. ரெண்டு தடவ படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?" கேட்கக்கூடாது என்றிருந்தவர் கேட்டுவிட்டார்.

"மொத தடவ தூக்கம் வந்துச்சு. ரெண்டாவது தடவ கோபம். அரசாங்கத்தை நம்பாத ஜனம் எல்லாத்துக்கும் ஏன் அரசாங்கத்தையே கூப்பிடுதுன்னு கேட்டீங்க. பதில் அடுத்த தொகுதியிலன்னீங்க. மீதி எட்டையும் லைப்ரரியில எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் 'அடுத்த தொகுதியில'ன்னுதான் இருக்கு."

"பத்து நிமிஷம் கழிச்சு வந்திருக்கக்கூடாதாப்பா?"

தியோடோரா டின்னை எடுக்க நிலவறைக்கு இறங்கினாள். எல்பிரிட்ஜ் செருப்பை இழுத்துக்கொண்டு மேஜைக்குப் போய், பேனாவில் மை நிரப்பினார்.

டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளெம் வாசலில் நின்றான்.

"அடிக்குறிப்பு மட்டும் நிறையப் போடுங்க புரொபசர். அதுலதான் ஏதாவது கெடைக்குது."