ஒரே முட்டைப்பையில் இரண்டு இனம்

உலகம் உண்டான நாளிலிருந்து பெயரில்லாமல் திரிந்த ஓர் உயிருக்குப் பெயர் சூட்டவே பேராசிரியர் பிறவி எடுத்தார். அந்த உயிருக்கு எண்பது வருஷமாக வேறொரு பெயர் இருந்தது என்பது, அவர் ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கும்போதுதான் தெரியவந்தது.

மிளகளவுச் சிலந்தி அது. இருபது வருஷத்துக்கு முன் அதைப் புதிய இனமென்று அறிவித்து, மனைவியின் பெயரையே வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவள் அவருடைய மற்றக் காரியங்களை எல்லாம் பொறுத்துக்கொண்டாள். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "வைரத்தோடு யார் வேணா வாங்கித் தரலாம்" என்று ஆரம்பித்துவிடுவாள்.

பேராசிரியர் தலையில் கல்லைப் போட்டவள், அருங்காட்சியகத்தில் சிலந்திப் புட்டிகளைப் பராமரிக்கும் பெண். மிளகுச் சிலந்தி அகப்பட்ட அதே தோட்டத்தில் நெல்லிக்காயளவுச் சிலந்தி ஒன்று உண்டு. பழைய ஆய்வாளர் ஒருவர் எண்பது வருஷத்துக்கு முன் பெயரிட்டது. அதன் முட்டைப்பை ஒன்றை அவள் வளர்த்துப் பார்த்தாள். வெளிவந்த குஞ்சுகளில் பாதி நெல்லிக்காயாக வளர்ந்தன. மீதி மிளகாகவே நின்றுவிட்டன.

"சார், உங்களுது தனி இனம் இல்ல. இதோட வீட்டுக்காரர்" என்றாள், புட்டியைத் துடைத்தபடி.

முந்தி வைத்த பெயர்தான் நிற்கும் என்பது அந்தத் துறையின் சட்டம். தாம் ஓய்வுபெறும் வரையாவது பொறுக்கக் கூடாதா என்று பேராசிரியர் கெஞ்சிப் பார்த்தார். இதைப் பற்றித் தான் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது என்றாள் அவள். மனைவி ஊர்வாயில் கேட்பதற்குமுன் தாமே சொல்லிவிடுவது உடம்புக்கு நல்லது என்று அன்று மாலையே வீட்டில் உண்மையைக் கக்கினார்.

மனைவி அழவில்லை. தன் பெயரை வைத்து அவர் அன்று எழுதிய பழைய கட்டுரையை எடுத்துவரச் சொன்னாள். இத்தனை வருஷமும் அதில் அவள் படித்தது தன் பெயரை மட்டும்தான். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாகப் படித்தாள். நாலாம் பக்கத்தில், வாழ்க்கைமுறை என்ற தலைப்பின்கீழ், கணவர் நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருந்தார்: இவ்வினம் சொந்தமாக வலை கட்டுவதில்லை, பெரிய சிலந்தியின் வலையில் ஓரமாக ஒட்டிக்கொண்டு, அது பிடித்ததைத் தின்றே காலம் தள்ளுகிறது.

"இதுக்கா என் பேரு வச்சீங்க?"

"அது ஆம்பளைன்னு அப்போ தெரியலம்மா."

"இந்தக் குணத்தைப் பாத்துமா தெரியல?"

கல்யாணமான நாளிலிருந்து பேராசிரியர் குடியிருப்பது மாமனார் வீட்டில்.